கோபுரத்திலிருந்து சேறு வரை: ஓர் ஈய ரவையின் கதை

பிரிஸ்டல் நகரில் ஈயக் குழாய் வேலை பார்த்துவந்த வில்லியம் வாட்ஸ், தன் வீட்டுத் தளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைத்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக ரெட்கிளிஃப் மேட்டுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. கூரைக்கு மேல் ஒரு கோபுரம் எழுப்பினார். உயரம் போதவில்லை என்று வீட்டுக்கு அடியிலும் தோண்டி, பாறைக்குள் இருந்த பழைய குகைவரை இறங்கினார். உச்சியில் ஈயத்தை உருக்கித் துளையிட்ட சட்டியில் ஊற்றினார். துளித்துளியாகப் பிரிந்த ஈயம் வீட்டின் நடுவே விழுந்து, அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைச் சேர்ந்தபோது அழகான உருண்டைகளாகியிருந்தது. 1782-ல் காப்புரிமை வாங்கினார். மனைவியின் கனவில் வந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. குடித்துவிட்டுத் தூங்கியபோது அவருக்கே வந்த கனவு என்று இன்னொரு கதை. கண்டுபிடிப்புகளுக்குக் கனவை ஒட்டவைப்பது எல்லா ஊர்களிலும் நடப்பதுதான்.

துப்பாக்கியில் போடும் இந்த ரவை அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் உருப்படியாக இல்லை. ஈயத் தகட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி உருட்டிப் பார்த்தார்கள். 17-ம் நூற்றாண்டில் இளவரசர் ரூப்பர்ட்டின் முறை வந்தது. ஈயத்தோடு கொஞ்சம் ஆர்சனிக் சேர்த்து, தண்ணீருக்குச் சில அங்குலம் மேலிருந்து துளைச்சட்டி வழியே சொட்டவிடுவது அந்த முறை. ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில் இதை விவரித்திருக்கிறார். அப்படி வந்த ரவைகளில் குழியும் வாலும் இருக்கும். குழி விழுந்த ரவை காற்றில் நேராகப் போகாது. வாட்ஸ் செய்ததெல்லாம், துளிக்கு விழ நேரம் கொடுத்ததுதான். தடையின்றி விழும் திரவத்தை அதன் பரப்பு இழுவிசையே கோளமாக்கிவிடும். விழும் வழியிலேயே மேல்தோல் இறுகிவிட்டால் தண்ணீரில் மோதும்போதும் உருக் கெடாது. உருக்கிய ஈயத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அவர் புதிதாகச் சேர்த்தது உயரம்தான்.

வாட்ஸுக்கு அந்தப் பணம் தங்கவில்லை. கிளிஃப்டனில் வின்ட்சர் டெரஸ் என்ற குடியிருப்பு வரிசையைக் கட்டப் போனவர், பள்ளத்தாக்கின் ஓரத்தில் தாங்குசுவர் எழுப்புவதிலேயே காசைக் கரைத்துத் திவாலானார். அவருடைய முறைக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. உலகெங்கும் ரவைக் கோபுரங்கள் முளைத்தன. 1828-ல் பால்டிமோரில் எழுந்த ஃபீனிக்ஸ் கோபுரம் 71 மீட்டர் உயரம்; பல ஆண்டுகள் அமெரிக்காவின் மிக உயரமான கட்டடம் அதுதான். மெல்பர்னின் 50 மீட்டர் கூப் கோபுரத்தை இன்று ஒரு வணிக வளாகம் கண்ணாடிக் கூம்புக்குள் அடக்கிவைத்திருக்கிறது. வாட்ஸின் சொந்தக் கோபுரம் மட்டும் 1968-ல் சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டது.

கோபுரங்களைவிட எனக்குப் பிடித்தது, அவற்றின் அடியில் நடந்த பொறுக்கும் வேலை. காய்ந்த ரவைகளைச் சாய்வான பலகைகளின் மேல் உருட்டிவிடுவார்கள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். சுத்தமான உருண்டை வேகம் பிடித்து அதைத் தாண்டிவிடும். கோணல் ரவை தள்ளாடி, வேகமில்லாமல் இடைவெளியில் விழும். விழுந்தது மீண்டும் உலைக்கே போகும். அளவுகோலும் ஆய்வாளரும் இல்லாமல், ரவையின் தரத்தை ரவையே சொல்லிவிடும். 1961-ல் லாஸ் ஏஞ்சலஸ்காரர் லூயிஸ் பிளீமைஸ்டர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் துளி ஓர் அங்குலம் மட்டும் விழுந்து சுடுநீருக்குள் போய், அங்கே ஒரு சரிவில் உருண்டு கோளமாகும். அதன் பின் கோபுரங்களுக்கு வேலை குறைந்துபோயிற்று.

உருண்டையான ரவை அடுத்துப் போவது தோட்டாவுக்குள். அடியில் மருந்து, நடுவில் அடைப்பு, மேலே ரவை, வாய் மடித்து மூடப்படும். களிமண் தட்டுச் சுடுதலுக்கான ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் போகக் கூடாது, 2.4 மில்லிமீட்டர் ரவை என்றால் ஏறக்குறைய 300 ரவைகள். துப்பாக்கிக் குழலின் அளவையும் ஈயத்தை வைத்தே சொல்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழலுக்கு ‘பன்னிரண்டு போர்’ (bore) என்று பெயர். குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர்.

குழலின் வாயில்தான் ரவையின் தலைவிதி மாறுகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கிவிட்டால் ரவைக் கூட்டம் அதிகத் தூரம் சிதறாமல் போகும். இதற்கு ‘சோக்’ என்று பெயர். கண்டுபிடித்தவர் யார் என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த பேப்புக்கு 1866-லேயே காப்புரிமை உண்டு. இல்லினாய் ஆற்றங்கரையில் வாத்து வேட்டையாடிப் பேர் வாங்கிய ஃபிரெட் கிம்பிள், தானே தன் குழலைக் குடைந்து பார்த்துக் கண்டறிந்ததாகச் சொன்னார். எவருடையதானாலும் கணக்கு ஒன்றே. சுமார் 37 மீட்டர் தூரத்தில் 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து சுட்டால், முழு சோக்கில் ரவைகளில் 70 விழுக்காடு வட்டத்துக்குள் விழும். தளர்ந்த சோக்கில் பாதிதான் விழும்.

பலர் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: முழு சோக் நல்லது, அடர்ந்து போகும், ஆகவே தூரத்தில் இருப்பதையும் வீழ்த்தலாம் என்று. அடர்ந்த கூட்டம் என்றால் சின்னக் கூட்டம். சின்னக் கூட்டத்தைப் பறவை மேல் வைப்பது கடினம். சோக்கை இறுக்கியவர் தூரத்தை வாங்கவில்லை. தன் பிழைக்கான இடத்தைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

குழலை விட்டு வெளியே வந்த ரவைக்கு நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகம். ஆனால் சின்ன உருண்டையைக் காற்று விரைவிலேயே இழுத்துப் பிடிக்கும். 35 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்து அந்த நேரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்ந்திருக்கும். கண்ணால் பார்த்த இடத்தில் சுட்டால் ரவை வெறுங்காற்றைத்தான் துளைக்கும். ஓடிவரும் பேருந்தின் ஜன்னலுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கு இது புரியும்: ஜன்னல் இருக்கும் இடத்தில் போட்டால் துண்டு பின்சீட்டுக்குப் போகும், ஜன்னல் வரப்போகும் இடத்தில் போட வேண்டும்.

கூட்டம் என்று சொன்னாலும் அது தட்டையாகப் போவதில்லை. முன்னே நல்ல உருண்டைகள், பின்னே குழலில் நசுங்கிய சோம்பேறிகள் என்று நீளவாக்கில் இழுபட்டுப் போகிறது. ஹூஸ்டன் பத்திரிகையில் வேட்டைப் பக்கம் எழுதிய பாப் பிரிஸ்டர் இதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். நீண்ட பலகை ஒன்றில் தாள் ஒட்டி, அதை வண்டிக்குப் பின்னால் கட்டி மனைவியை ஓட்டச் சொன்னார். குறுக்கே போகும் அந்தப் பலகையைச் சுட்டார். நின்ற பலகையில் வட்டமாக விழும் ரவைகள் ஓடும் பலகையில் நீள்வட்டமாகப் பரவின. 1976-ல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கிக்காரர்களின் கையில் இருக்கிறது. அந்தச் சோதனைக்கு ஓட்டுநராக இருக்கச் சம்மதித்த மனைவியின் நம்பிக்கையைப் பற்றித் தனியே ஒரு புத்தகம் எழுதலாம்.

ரவையின் ஆயுளில் ஷாட்கன்காரரின் கைக்கு வருவது இந்தப் பத்தில் ஒரு நொடிக்கு முன்னால் உள்ள சிறு பொழுது மட்டுமே. இங்கேதான் திறமை என்பதெல்லாம் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ரைஃபிளில் குறி வைக்கிறார்கள்; ஷாட்கன்னில் குறி வைப்பவர் தோற்றுப்போகிறார். கண் இலக்கின் மேல்தான் இருக்க வேண்டும், குழல் நுனியின் மணி மேல் அல்ல. மணியைப் பார்த்த கணத்தில் கை நின்றுவிடும். அப்படியானால் குழல் சரியான இடத்தைக் காட்டுகிறது என்பதை யார் பார்த்துக்கொள்வது? பின்கட்டை பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் கட்டையின் அதே இடத்தில் பதிந்தால் கண்ணும் அதே இடத்தில் இருக்கும். இந்தத் துப்பாக்கிக்குக் கண்தான் பின்குறி. அது அரை அங்குலம் எழும்பினால் ரவைக் கூட்டம் இலக்குக்கு மேலே போய்விடும். ‘தலையைத் தூக்காதே’ என்று பயிற்சியாளர் நாள் முழுக்கக் கத்துவதற்குக் காரணம் இதுதான். தடித்த குளிர்ச்சட்டை போட்ட நாளில் அதே கட்டை நீளமாகிவிடுவதும், தோளில் சிக்குவதும் இதே கணக்கில் சேரும். வாத்து வேட்டைக்காரர் கோடையில் மெல்லிய சட்டையோடு பழகிவிட்டு, பனிக்காலத்தில் ஏன் தவறுகிறோம் என்று விழிப்பது அரிதல்ல.

வலக்கைக்காரர் எல்லாருக்கும் வலக்கண் முந்துவதில்லை. இடக்கண் முந்துபவர் வலத்தோளில் துப்பாக்கியை வைத்தால் மூளை வேறொரு கோட்டில் பார்க்கும். ரவை பக்கவாட்டில் போகும். ஒரு கண்ணைச் சுருக்கலாம், கண்ணாடியில் சிறு தாள் ஒட்டலாம், சிறு வயதானால் தோளையே மாற்றிப் பழகலாம். பல ஆண்டு சுட்டும் முன்னேறாதவர்களில் சிலருக்கு இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இலக்குக்கு முன்னே எவ்வளவு என்பதில் குருகுலங்கள் உண்டு. பின்னாலிருந்து வந்து பறவையைத் தாண்டும்போது விசையை இழுப்பது ஒன்று. பறவையைத் தொட்டுக்கொண்டே போய் விலகி முன்னேறுவது இன்னொன்று. முதலிலிருந்தே முன்னே இருந்து அந்த இடைவெளியை விடாமல் பிடித்துச் செல்வது மூன்றாவது. லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சிலுக்கு இந்த அளவுப் பேச்சே பிடிக்காது: பறவையைப் பார், உடம்பை அதனோடு திருப்பு, மீதியைக் கை பார்த்துக்கொள்ளும் என்பார். பயிற்சியாளர் பெர்சி ஸ்டேன்பரி, தாண்டிச் சென்று சுடச் சொல்லித் தந்தார். எந்தக் குருவானாலும் ஓர் இடத்தில் ஒத்துப்போவார்கள்: சுட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூளை ‘இழு’ என்று சொல்லி விரல் கேட்டு மருந்து பற்றி ரவை கிளம்புவதற்குள் ஒரு தாமதம் இருக்கிறது. இடையில் கை நின்றால் அந்தத் தாமதமும் பறவையின் பக்கம் சேர்ந்துகொள்ளும். குறுக்கே பறப்பவற்றில் தவறுகளின் பெரும்பகுதி பின்னால் தவறியவைதான். முன்னால் தவறினேன் என்று வருத்தப்படுபவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இதை வாத்தின் மேல் பழகக் கூடாது என்று மனிதர்களுக்குத் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று. பெட்டியிலிருந்து உயிருள்ள புறாவைத் திறந்துவிட்டுச் சுடுவதுதான் 19-ம் நூற்றாண்டின் வழக்கம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே அப்படியொரு போட்டி நடந்து, ஏறக்குறைய 300 புறாக்கள் செத்தன. இதற்கு முன்பே, புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகள் வந்திருந்தன. ஆடம் போகார்டஸ் அவற்றை எறியும் பொறியைச் செம்மைப்படுத்திப் பிரபலமானார். ஆனால் மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. 1880-ல் சின்சினாட்டியின் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணில் தட்டு செய்து காப்புரிமை வாங்கினார். முதல் தட்டுகள் ரொம்பவே வெந்துவிட்டன. ரவை பட்டால் மணி மாதிரி ஒலித்ததே தவிர உடையவில்லை. இன்றைய தட்டில் களிமண்ணே கிடையாது: சுண்ணாம்புக்கல் தூளும் தாரும். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை.

மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் சார்ல்ஸ் டேவிஸ் என்ற வேட்டைக்காரர் 1920-ஐ ஒட்டி, காட்டுக்கோழி வேட்டையின் எல்லாக் கோணங்களையும் பழக ஒரு வட்டம் போட்டார். கடிகாரம் போலப் பன்னிரண்டு நிலைகள், நிலைக்கு இரண்டு தட்டு, 24 ஆயிற்று. பெட்டியில் 25 தோட்டா இருந்ததால் மீந்த ஒன்றை வட்டத்தின் நடுவில் நின்று சுட்டார்கள். பக்கத்து நிலத்தில் கோழிப்பண்ணை வந்தது. ரவை கோழிகள் மேல் விழாமலிருக்க, வில்லியம் ஹார்ண்டன் ஃபாஸ்டர் எதிர்ப்புறம் இன்னொரு பொறியை வைத்து வட்டத்தை அரைவட்டமாக்கினார். ஸ்கீட் என்ற ஒலிம்பிக் விளையாட்டின் இன்றைய வடிவத்துக்குக் காரணம் அந்தக் கோழிகள்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானத் துப்பாக்கிவீரர்களுக்கு முன்கணிப்பைக் கற்றுக்கொடுத்ததும் இந்தத் தட்டுகளே. ஓடும் லாரியின் மேல் நின்றபடி சுடவைத்தார்கள்.

ஆனாலும் தட்டு வாத்து ஆகாது. தட்டு கிளம்பும்போதுதான் முழு வேகம், போகப்போகக் குறையும். வாத்து தண்ணீரிலிருந்து எழும்போது மெதுவாக எழுந்து, பின் வேகம் பிடிக்கும். நீரில் மிதக்கவிட்ட போலி வாத்துகளைப் பார்த்து இறங்க வரும் பறவை சிறகை வளைத்து நிறுத்திக் கீழே சரியும். அதைச் சுட அதன் காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். தட்டில் நூற்றுக்கு நூறு அடிப்பவர் வயல்வெளியில் திணறுவது இதனால்தான். காடு, குளக்கரை, கோபுரம் என்று நிலை நிலையாக நடந்து சுடும் ஸ்போர்ட்டிங் கிளேஸ் இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது. வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது: தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்த வெறும் துப்பாக்கியை எடுத்து, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழலை ஓடவிட்டபடி தோளுக்குக் கொண்டுவருவது. தினமும் கொஞ்ச நேரம். சலிப்பூட்டும் வேலைதான். தோட்டா வாங்கிக் குவிப்பதைவிட இது பயன் தரும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

ஏன் இவ்வளவு பாடு? தவறினால் ஒரு தோட்டாதானே போயிற்று என்று தோன்றும். ரவையின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. ஒரு தோட்டாவில் ஆறாம் நம்பர் ரவை சுமார் 280. ஐந்து தோட்டா சுட்டு ஒரு வாத்து எடுத்தால் 1,400 ரவைகள் கிளம்பியிருக்கும். வாத்தில் தங்கியது விரல்விட்டு எண்ணத்தக்கது. மற்றவை எல்லாம் குளத்தில். ரவை என்ற பொருளின் நீண்ட வாழ்க்கை, வேட்டைக்காரர் திரும்பிப் பார்க்காத அந்தச் சேற்றில்தான் தொடங்குகிறது.

பல்லில்லாத பறவை தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். வயிற்றின் தடித்த தசைப்பை அந்தக் கற்களை வைத்து விதைகளை நெரிக்கும். சேற்றைத் துழாவும் வாத்துக்கு ஈய ரவையும் ஒரு கல், அல்லது ஒரு விதை. கல் மெதுவாகவே தேயும், ஈயம் விரைவில் தேயும். தசைப்பையின் அமிலமும் அரைப்பும் அதைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கும். சில நாட்களில் சிறகு தொங்கும், கழிவு பச்சையாகும், குடல் நின்றுபோகும். நிறைந்த தீனிப்பையோடு பட்டினியாகச் சாகும். இரண்டு மூன்று வாரமாகும். அதற்குள் நாணலுக்குள் ஒதுங்கிவிடும். நரியோ கழுகோ எடுத்துப்போகும். செத்தது யார் கண்ணிலும் படாது.

ஆனாலும் சிலர் பார்த்தார்கள். ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894-லேயே தன் வேட்டைப் பத்திரிகையில் இதை எழுதினார். யூட்டாவின் பேர் ஆற்றுச் சதுப்பில் வாத்துகள் சாவதை ஆராய்ந்த அலெக்சாண்டர் வெட்மோர், வாத்துகளுக்கு ரவையை ஊட்டிப் பார்த்து, ஈயமும் அவற்றைக் கொல்கிறது என்று 1919-ல் அறிக்கை தந்தார். இல்லினாயின் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959-ல் கணக்குப் போட்டார்: வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று ஈய நஞ்சால் சாகின்றன. அறிக்கை வந்தும் அசையாதவர்களை அசைத்தது வெண்தலைக் கழுகு. ரவை தங்கிய வாத்தைத் தின்று அமெரிக்காவின் தேசியச் சின்னமே விழத் தொடங்கியதும் வழக்கு போட்டார்கள். 1991-ல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை செய்யப்பட்டது.

நம் பக்கத்துக் குளங்களிலும் ரவை விழுந்திருக்கிறது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டம் பரத்பூரில் 4,273 பறவைகளைச் சுட்டது. அங்கே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தவறிய ரவைகளுக்குக் கல்வெட்டு கிடையாது. வேடந்தாங்கல்காரர்கள் முந்திக்கொண்டவர்கள். ஏரியில் பறவை சுடுவதைத் தடுக்கச் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே உத்தரவு வாங்கிவிட்டார்கள். ஈய நஞ்சு அவர்களுக்குத் தெரியாது; பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது தெரியும்.

ஈயத்தின் இடத்துக்கு இரும்பு ரவை வந்தது. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். இரும்பு எடை குறைவு. அதே அளவு ஈயத்தில் பத்தில் ஏழு பங்குதான். சீக்கிரம் வேகம் இழக்கும். பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தும். விஷத்தில் சாவதைவிட அதிகப் பறவை காயத்தில் சாகும் என்று வாதிட்டார்கள். வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் தீர்வு இரும்பில் இல்லை, சுடுபவரிடம் இருந்தது. இரண்டு அளவு பெரிய ரவையைப் போட்டால் போதும்: ஈயத்தில் நாலாம் நம்பர் என்றால் இரும்பில் அதைவிடப் பெரிதான இரண்டாம் நம்பர். இரும்பு குழலில் நசுங்காது. அதனால் தானாகவே அடர்ந்து போகும். தளர்ந்த சோக் போதும். ஈயக் காலத்து முழு சோக்கை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டவர்கள்தான் ‘இரும்பு வேலை செய்யவில்லை’ என்றார்கள். இந்த மாற்றத்துக்கு வேட்டைக்காரர்களைப் பழக்கிய டாம் ரோஸ்டர், எந்தப் பறவைக்கு எந்த ரவை, எத்தனை பட வேண்டும், எத்தனை தூரம் வரை என்று பட்டியலே போட்டார். அவர் பாடத்தின் முதல் படி தாளைச் சுட்டு ஓட்டைகளை எண்ணுவது. தன் துப்பாக்கி எங்கே, எப்படிச் சுடுகிறது என்பதை ஒரு முறைகூடத் தாளில் பார்க்காமலே வாழ்நாளெல்லாம் வேட்டையாடியவர்கள் ஏராளம்.

தூரம் இன்னொரு பாடம். வானத்தில் அளவுகோல் கிடையாது. 50 மீட்டரில் இருக்கும் பறவையை 35 என்று நினைத்துச் சுடுவது கைதேர்ந்தவருக்கும் நேரும். போலி வாத்துகளில் கடைசி ஒன்றை அடியெண்ணி 35 மீட்டரில் மிதக்கவிட்டு, அதற்கு அப்பால் இருப்பதைச் சுடுவதில்லை என்று வைத்துக்கொள்வதுதான் கையாளக்கூடிய வழி.

மிசிசிப்பி பறவைப் பாதையில் பின்னர் நடந்த ஆய்வு, மல்லார்ட் வாத்துகளின் ஈயச் சாவு 64 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. இதைவிட என்னைக் கவர்ந்தது டென்மார்க்கின் கதை. அங்கே 1990-களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகளைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உயிரோடு பறந்துதிரிந்த முதிர்ந்த பறவைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் உடம்பில் ரவையோடு இருந்தன. யாரோ சுட்டார்கள், பட்டது, விழவில்லை. 1997-ல் இதைக் குறைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அருகில் வந்தால் மட்டும் சுடு, தட்டில் பழகு என்று பிரசாரம் செய்தார்கள். புதிதாக உரிமம் கேட்பவர் தட்டுச் சுடும் தேர்விலும் தேற வேண்டும். பிறகு எடுத்த எக்ஸ்ரேக்களில் அந்த விகிதம் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலாக இறங்கியிருந்தது. முதல் ஆண்டுக் குஞ்சுகளில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. சுடுபவரின் திறமை கூடியதற்கு மதிப்பெண் பலகையில் அல்லாமல் பறவையின் உடம்புக்குள் சான்று கிடைத்த இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

களிமண் தட்டுக் களத்தில் ஈயம் இன்னும் ஆட்சி செய்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் என்ற தட்டுச் சுடும் போட்டியில் அணித் தங்கம் வென்றதும், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதும் ஈயத் தோட்டாவால்தான். டிராப்பில் தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி. ஒரு தகுதிச் சுற்றில் 125 தட்டு. இப்படி ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் சுட்டால் மைதானத்தின் அந்த ஓரம் ஈயச் சுரங்கமாகிவிடும். மண் புளித்தால் ஈயம் கரைந்து நீரில் சேரும். அதனால் சுண்ணாம்பு தூவி மண்ணைக் காக்கிறார்கள். பல நாடுகளில் சில ஆண்டுகளுக்கொரு முறை இயந்திரம் கொண்டு மேல்மண்ணைச் சலித்து ரவைகளைத் திரும்ப எடுக்கிறார்கள். தட்டில் பட்டும் மண்ணில் புதைந்தும் நசுங்கிய அவற்றைக் கழுவி, கிராஃபைட் பூசி, புது ரவையைவிட மலிவாக விற்கிறார்கள். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பயிற்சிக்காரர்கள் வாங்குகிறார்கள். கோணல் ரவை விரைவில் சிதறும். இருபது மீட்டர் ஸ்கீட் தட்டுக்கு அது சரியாகவே வேலை செய்கிறது, தூரத்து டிராப் தட்டுக்கு ஆகாது.